ஆளில்லாக் கப்பலின் ஆறாவது அறை

வெள்ளைத் துணியில் தைத்திருந்த டிச் பட்டன்களில் ஒன்று மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

லூர்து விரலை எடுத்து மறுபடி வைத்துப் பார்த்தான். காலையிலிருந்து ஐப்பசி மழை தகரக் கூரையைத் தட்டிக்கொண்டே இருந்தது, கொட்டகைக்குள் இருந்த அத்தனையும் ஈரம் ஏறி ஜில்லிட்டுக் கிடந்தன, மேசை மேல் இருந்த குறடு கூடக் கையில் பட்டால் சிலிர்த்தது; ஆனால் துணியின் வலது ஓரத்தில், படம் விழும்போது கதவின் கைப்பிடி வரும் இடத்தில் இருந்த அந்த ஒற்றைப் பட்டன், இவ்வளவு நேரம் யாரோ கட்டை விரலால் அழுத்திப் பிடித்திருந்துவிட்டு இப்போதுதான் விட்டாற்போல் ஆள் சூட்டில் இருந்தது. கரண்ட் ஒழுகினால் பட்டன் சுடும் என்பது வாஸ்தவம்தான். ஆனால் அவன் மெயின் சுவிட்சை இன்னும் போடவே இல்லை.

திருவொற்றியூரில், நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் நடுவே, ஒரு காலத்தில் மீன் பெட்டி அடுக்கி வைத்திருந்த கொட்டகை அது. எத்தனை தடவை பினாயில் ஊற்றிக் கழுவினாலும் மழை நாளில் பழைய கவிச்சி தரையிலிருந்து எழும்பி வரும். காற்று கம்பெனிகள் பக்கமிருந்து திரும்பினால் அதோடு கந்தக நெடியும் சேரும். படம் தெளிவாகத் தெரிவதற்காக ஜன்னலையெல்லாம் கறுப்புத் துணியால் அடைத்திருந்தார்கள், ஆகவே மத்தியானத்திலும் உள்ளே விளக்கில்லாமல் கை தெரியாது. அந்த இருட்டில்தான் மூன்று தோழர்கள், வேலை முடிந்து வந்த சாயங்காலங்களையெல்லாம் கொட்டி, 'ஆளில்லாக் கப்பல்' என்ற விளையாட்டைச் செய்தார்கள்.

விளையாட்டு இதுதான். விண்வெளியில் கைவிடப்பட்ட ஒரு கப்பல். அதற்குள் நீங்கள் ஒருவர் மட்டும் கண் விழிக்கிறீர்கள். எப்படியாவது வெளியே வர வேண்டும். துணிக்குப் பின்னாலிருந்து ப்ரொஜெக்டர் கப்பலின் ஓர் அறையைப் படமாகப் போடும். முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தவர், பித்தளை முனை வைத்த கோலால் படத்தில் இருக்கிற பொருளைத் தொட வேண்டும். தொட்ட இடத்தில் பட்டன் இருந்தால், எடைக்கு வாங்கிய பழைய டெலிபோன் ரிலே சுவிட்ச் ஒன்று பின்னால் 'டிக்' என்று விழும். முதலில் ஒரு பொருளைத் தொட்டு, பிறகு இன்னொன்றைத் தொட்டால், அதை இதில் பயன்படுத்திப் பார்ப்பதாக அர்த்தம். சரியாக இருந்தால் சைக்கிள் பல்சக்கரத்தில் பொருத்திய கண்ணாடி ஸ்லைடு நகர்ந்து அடுத்த அறை வரும்.

மின்சார வேலை முழுவதும் லூர்துவுடையது. துறைமுகத்தில் கிரேன்களுக்கு வயர் இழுக்கிறவன். படம் மனோகரன், சினிமாக் கொட்டகைகளுக்கு விளம்பர ஸ்லைடு எழுதுகிறவன். மனோகரனுக்கு எழுத்து முத்து முத்தாக வரும், இயந்திரம் வரைந்தால் திருகாணியின் புரி வரைக்கும் வரும். மனிதனை வரைந்தால் மட்டும் பூசணிக்காய்க்குக் கை கால் முளைத்த மாதிரி வரும். அதனால்தான் கப்பலில் ஆளில்லை. கதையும் குரலும் யேசுதாஸ். ரயில்வே பார்சல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு, கேப்டன் குரல், டாக்டர் குரல், காலிப் பால் பவுடர் டின்னுக்குள் வாயை வைத்துப் பேசிய இயந்திரக் குரல் என்று அத்தனையும் அவன் ஒருவனே பேசி டேப்பில் ஏற்றியிருந்தான்.

போன வருஷம் மாதா திருவிழாவில் கோயில் வாசலில் கூடாரம் போட்டுக் காட்டியபோது, ராட்டினத்துக்குப் போன கூட்டம் இந்தப் பக்கம் திரும்பியது. நிலாவில் மனிதன் கால் வைத்த புதிது, யாருக்கும் ஆசை விடவில்லை. உள்ளே போனவர்கள் சத்தமில்லாமல் வெளியே வந்தார்கள். ஒரு லாரி டிரைவர் வெகு நேரம் பீடி பற்றவைக்காமல் நின்றுவிட்டுச் சொன்னார்: "ஆளே இல்லன்றீங்கோ. ஆனா எவனோ இப்பத்தான் எழுந்து அப்பால போன மாதிரி கீது நைனா." ஸ்டூடியோ வைத்து நூறு பேர் சேர்ந்து செய்திருந்தால் அந்த வெறுமை வந்திருக்காது. மூன்று பேரின் வசதியில்லாமையே அந்தக் கப்பலுக்கு அழகாக அமைந்துவிட்டது.

ஆனால் மூன்று பேர் செய்த வேலையில் மூன்று பேரின் கோணலும் இருக்கும். "டார்ச்சு லைட்ட கொண்டாந்து தண்ணித் தொட்டில போட்டா கதவு தொறக்குமா? உன் மண்டையில கீறது எனக்கு எப்டி நைனா தெரியும்?" என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. தவறான பொருளைத் தவறான இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் பேசி வைக்க டேப் போதவில்லை. ஒரே ஒரு வசனத்தைப் பேசி, டேப்பை வளையமாக ஒட்டி, எல்லாவற்றுக்கும் அதையே ஓடவிட்டார்கள். ரேடியோ செய்தி வாசிக்கிற மாதிரி யேசுதாஸின் குரல் சொல்லும்: "அது இங்கே உதவாது." 'ஆடத் தெரியாதவனுக்குக் கூடம் கோணல்' என்று லூர்து ஜனங்களைத் திட்டுவான். கூடம் நிஜமாகவே கோணல்தான் என்பது அவனுக்கும் தெரியும்.

எல்லாவற்றிலும் பெரிய கோணல் ஆறாவது அறை. ஆக்ஸிஜன் பாட்டிலை எடுக்காமல் அதற்குள் நுழைந்துவிட்டால், பின்னால் கதவு அடைத்துக்கொள்ளும், முன்னால் கதவு திறக்காது, செத்துப்போனதாகவும் சொல்லாது. அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மாட்டிக்கொண்டவர்கள் முதலில் யோசிப்பார்கள். பிறகு கண்டதையும் எடுத்துக் கண்டதிலும் வைத்துப் பார்ப்பார்கள். கடைசியில் யோசனையே இல்லாமல், மேல் வரிசை இடது ஓரத்தில் ஆரம்பித்துப் பட்டன் பட்டனாகத் தொட்டுக்கொண்டே வருவார்கள். வெளியே இருந்து யாராவது மெயினை அணைத்தால்தான் விடுதலை. "இன்னும் ரெண்டு ரிலே போட்டா சரியாப் பூடும், போட்றா," என்று யேசுதாஸ் கெஞ்சிக்கொண்டே இருந்தான். "எவன்டா பாட்டில் எடுக்காம உள்ள போவான்?" என்றான் லூர்து. பாதிப் பேர் அப்படித்தான் போனார்கள்.

ஆவணியில் யேசுதாஸுக்கு மஞ்சள் காமாலை கண்டது. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. கடைசி நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில், மஞ்சள் பூத்த கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு, "கதவு எங்கடா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அதற்குப் பிறகு மனோகரன் இந்தப் பக்கம் வருவதில்லை. வந்த ஒரே நாளில் சக்கரத்திலிருந்து ஆறாவது அறை ஸ்லைடை மட்டும் கழற்றி, கல்லில் போட்டு உடைத்துவிட்டுப் போனான்.

இன்றைக்கு லூர்து வந்தது ஐரீனுக்காக. கல்லறைத் திருநாளன்று யேசுதாஸின் குழியில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, அவன் மனைவி ஐரீன் லூர்துவைப் பார்த்துக் கேட்டாள்: "லூர்தண்ணே, அவரு குரலு உங்க டப்பாவுல கீதாமே?"

"கீதும்மா."

"வூட்ல ஒரு போட்டோ கீது. குரலு இல்ல. மறந்துகினே வருதுண்ணே. காத்தால எழுந்தா எப்டி கூப்டுவாருன்னு ஞாபகம் வர்ல." அழவில்லை, கோபமாகத்தான் சொன்னாள். "என் சாயங்காலத்தப் பூரா உங்க டப்பா தின்னுச்சு. ஒரு வாட்டி கேட்டுட்டுப் போறேன், அவ்ளோதான்."

இன்று புதன்கிழமை, தீப்பெட்டிக் கம்பெனியில் அவள் ஷிப்டு விட்டதும் நேராக வந்துவிடச் சொல்லியிருந்தான். சங்கு ஊதுவதற்குள் அந்தக் குரல் இழுக்காமல், கரகரக்காமல், யேசுதாஸின் குரலாகவே வர வேண்டும். அந்தப் பெண்ணுக்கு அவனால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான், அதிலும் கோணல் வந்துவிடக் கூடாது என்று லூர்துவுக்கு மனசு அடித்துக்கொண்டது.

சூடான பட்டனைத் துடைத்துவிட்டு மெயினைப் போட்டான். ப்ரொஜெக்டர் விசிறி உறுமியது, பல்பு மேல் படிந்திருந்த தூசி கருகி மணத்தது, துணியில் முதல் அறை மெள்ள மலர்ந்தது: வரிசையாகத் தூங்கும் பெட்டிகள், எல்லாம் காலி, ஒன்று மட்டும் மூடி திறந்து. டேப் ஸ்பூல் சுற்றியது. "பயணியே, விழித்துக்கொள்," என்றது யேசுதாஸின் குரல்.

செத்தவன் இவ்வளவு பக்கத்தில் பேசுவான் என்று லூர்து எதிர்பார்க்கவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு, வளைய டேப்பையும் சரிபார்க்கலாமென்று கோலை எடுத்து ஒரு பெட்டியைத் தொட்டு, பிறகு சுவரைத் தொட்டான். டிக். "அது இங்கே உதவாது." சுத்தமாக இருந்தது. கோலைக் கீழே வைத்தான்.

டிக். "அது இங்கே உதவாது."

கோல் ஸ்டூலின் மேல் கிடந்தது. துணியின் பக்கமே இல்லை. ஈரத்தில் எங்கேயோ வயர் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவன் நிமிர்ந்தபோது, துணியின் மேல் வரிசையில், இடது ஓரத்தில், ஒரு சின்னப் புடைப்பு தெரிந்தது. கொசுவலைக்குள்ளிருந்து குழந்தை விரலால் குத்தினால் எப்படித் துருத்திக்கொண்டு வரும், அப்படி. ஒரு பட்டன் மேல் இருந்தது. அமுங்கியது. அடுத்த பட்டனுக்கு நகர்ந்தது.

டிக்.

பெருச்சாளி என்று நினைத்தான். கடற்கரைப் பூனை என்று நினைத்தான். கையில் குறடை எடுத்துக்கொண்டு, உஸ் உஸ் என்று விரட்டியபடியே துணியின் ஓரத்தை விலக்கிப் பின்னால் போனான். ப்ரொஜெக்டர் இருந்தது. பல்சக்கரம் இருந்தது. ரிலேக்கள் பலகையில் வரிசையாக இருந்தன. அதற்கு அப்பால் தகரச் சுவர், மழை நீர் கோடு கோடாக இறங்கிய சுவர். ஓர் எலி உட்காரக்கூட அங்கே இடமில்லை. ஆனால் அவன் கண் முன்னால் துணி குழிந்தது. எதுவும் தொடாமல், காற்றில் இருந்த ஏதோ ஒரு முனை அழுத்தினாற்போல் குழிந்து, விட்டு, பக்கத்தில் மறுபடி குழிந்தது. பலகையில் ரிலேக்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. முதல் வரிசை முடிந்து இரண்டாம் வரிசை. இடமிருந்து வலம்.

அந்த வரிசை அவனுக்குத் தெரியும். திருவிழாவில் கூடாரத் துணியின் ஓட்டை வழியாகப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன வரிசை அது. வழி தெரியாமல் மாட்டிக்கொண்டவன், யோசிப்பதை நிறுத்திவிட்டவன், தொடுகிற வரிசை.

சக்கரம் தானாகத் திரும்பியது. இரண்டாவது அறை. லூர்து முன்பக்கம் ஓடி வந்து குறடை மேசையில் போட்டான். புடைப்பு மேசையைத் தொட்டது, விளக்கைத் தொட்டது, கதவைத் தொட்டது. மூன்றாவது அறை. அவசரம் இல்லாமல், நின்று நின்று, ஒன்றும் விடாமல். நான்காவது. டார்ச் லைட்டை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டது. அது விளையாட்டைச் செய்தவர்களுக்கு மட்டுமே தானாகத் தோன்றக்கூடிய அபத்தம். ஐந்தாவது அறையில் ஆக்ஸிஜன் பாட்டில் அலமாரிக்குப் பின்னால் பாதி மறைந்து தெரிந்தது. லூர்து தன்னை அறியாமல் வாய்விட்டுச் சொன்னான்:

"பாட்டில எட்றா. பாட்டில எட்த்துனு போடா."

புடைப்பு பாட்டிலுக்கு ஒரு விரல் தள்ளி நின்றது. பட்டன் இல்லாத வெறும் துணியை அழுத்தியது. பிறகு கதவுக்குப் போனது.

சக்கரம் ஆறாவது இடத்துக்குத் திரும்பியது. அங்கே ஸ்லைடு இல்லை. மனோகரன் உடைத்தது லூர்துவின் கண் முன்னால்தான். வெறும் வெள்ளை வெளிச்சம்தான் விழ வேண்டும்.

இருட்டு விழுந்தது. இருட்டுக்குள்ளிருந்து, கழுவுகிற போட்டோ தண்ணீரில் எழும்புவது மாதிரி, ஒரு படம் எழும்பியது. தகரக் கூரை. கறுப்புத் துணி போர்த்திய ஜன்னல்கள். வலது ஓரத்தில் கதவு. ஒரு மேசை, மேல் குறடு, கத்தரிக்கோல், ஈயம் வைக்கிற சூட்டுக்கோல், மெழுகுவத்தி. மேசைக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் ஆள். சட்டையின் இடது தோள் மழையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. ஒவ்வொரு மடிப்பும் அச்சு அசலாக இருந்தது. மனோகரனுக்கு மனிதன் வரைய வராது.

லூர்து இடது தோளைத் தொட்டுப் பார்த்தான். ஈரம். படத்தில் இருந்த ஆளும் தோளைத் தொட்டான்.

இவ்வளவு நேரம் வயர், எலி, ஈரம் என்று எதையாவது பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். அதெல்லாம் கைவிட்டுப் போனது. ஸ்பீக்கரில் மூச்சு கேட்டது. ஸ்பூல் சுற்றவில்லை, அது முடிந்து வால் தொங்கிக்கொண்டிருந்தது. வளையம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. கத்தரிக்கோலை எடுத்து அதை நறுக்கினான். டேப் சுருண்டு விழுந்தது. மூச்சு நிற்கவில்லை. அதன் நடுவே குரல் வந்தது, ரேடியோக் குரல் இல்லை, கேப்டன் குரல் இல்லை, தினம் சாயங்காலம் இந்த ஸ்டூலில் உட்கார்ந்து தலையைச் சொறிந்துகொண்டே முனகுகிற குரல்:

"இத்தத் தொட்டாச்சு... அத்தயும் தொட்டாச்சு... இன்னும் இன்னா கீது..."

"யேசு," என்றான் லூர்து. "டேய் மாமு. நான்டா. லூர்துடா."

"...இன்னும் இன்னா கீது..."

யேசுதாஸுக்குக் கேட்கவில்லை. கேட்கிற மாதிரி இந்த விளையாட்டைச் செய்யவில்லை. கோல் வைத்திருக்கிறவன் பார்க்க முடியும், தொட முடியும். உள்ளே இருக்கிற பொருள் சொல்வதைக் கேட்க வழி கிடையாது.

ஐரீன். இது தொடங்கியதிலிருந்து முதல் முறையாக அவளை நினைத்தான். அவள் வரக் கூடாது. இந்தக் கொட்டகைக்குள் காலே வைக்கக் கூடாது. மெயினை அணைத்துவிட்டு ஓடிப்போய் ரோட்டிலேயே மறித்து, மிஷின் கெட்டுப்போச்சு, குரல் போச்சு, வூட்டுக்குப் போம்மா என்று சொல்லிவிட வேண்டும். அவள் திட்டினால் திட்டட்டும். மெயின் சுவிட்ச் நாலு எட்டு தூரத்தில் இருந்தது. ஓர் எட்டு வைத்தான்.

புடைப்பு, படத்தில் இருந்த ஆளின் முதுகுக்கு வந்தது.

டிக்.

கால் நின்றது. மரத்துப்போகவில்லை, வலிக்கவில்லை. அவன் சொல்வதைக் கால் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

புடைப்பு குறடுக்குப் போனது. டிக். லூர்துவின் கை நீண்டு குறடை எடுத்தது. புடைப்பு கதவுக்குப் போனது. டிக். லூர்து கதவுக்கு நடந்தான். குறடைக் கதவின் மேல் வைத்து அழுத்தினான்.

"அது இங்கே உதவாது."

நறுக்கிப் போட்ட டேப் தரையில் கிடந்தது.

திரும்பி நடந்தான். குறடை வைத்தான். மெழுகுவத்தியை எடுத்தான். கதவின் மேல் வைத்தான். உதவாது. சூட்டுக்கோல். உதவாது. ஸ்டூலையே தூக்கிக்கொண்டு போனான். கதவு தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை. ஒரு தள்ளு தள்ளினால் திறந்துகொள்ளும், மழைக்காகச் சும்மா சாத்தி வைத்த கதவு. விரல் நுனியில் அந்த மரம் ஈரமாக, லேசாக ஆடுவது தெரிந்தது. தள்ளு என்று இவனுக்கு யாரும் சொல்லவில்லை. வெறுங்கையால் தள்ளிப் பார்க்க வேண்டும் என்று யேசுதாஸுக்குத் தோன்றவில்லை. உன் மண்டையில் இருப்பது எனக்கு எப்படித் தெரியும். லூர்துவுக்குச் சிரிப்பு வந்திருக்கும், வாய் அவனுடையதாக இருந்திருந்தால்.

கத்தரிக்கோல். கதவு. உதவாது.

கத்தரிக்கோல். ஜன்னல். உதவாது.

தூரத்தில் தீப்பெட்டிக் கம்பெனிச் சங்கு ஊதியது.

மழை கொஞ்சம் விட்டிருந்தது. ஷிப்டு விட்ட பெண்களின் பேச்சு ரோட்டில் கலகலவென்று போனது, யாரோ சிரித்தார்கள், ஒரு ரிக்‌ஷா மணி அடித்தது. அந்தச் சத்தத்திலிருந்து ஒரு செருப்புச் சத்தம் மட்டும் பிரிந்து சகதியில் சளக் சளக்கென்று இந்தப் பக்கம் வந்தது.

வராதே. கத்தினான். கத்தியதாக நினைத்தான். நாக்கு அசையவில்லை. கப்பலில் கேப்டனுக்கு வசனம் இருந்தது, டாக்டருக்கு இருந்தது, இயந்திரத்துக்கு இருந்தது. இவனுக்கு யாரும் எழுதி வைக்கவில்லை.

"லூர்தண்ணே? உள்ள கீறீங்களா?"

"...இன்னும் இன்னா கீது..." என்றது ஸ்பீக்கர்.

வெளியே செருப்புச் சத்தம் நின்றது. பிறகு அவள் இழுக்க, கதவு அகலத் திறந்தது, சாம்பல் நிற வெளிச்சம் உள்ளே கொட்டியது, வெளிச்சத்தின் நடுவே ஐரீன் நின்றாள். மடித்த குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஒரு கை நெஞ்சில் இருந்தது.

"அவருதான்," என்றாள். "அய்யோ மாதாவே. அவரேதான்."

படத்திலும் கதவு திறந்திருந்தது, அதில் ஒரு பெண் நின்றாள். அதற்கு அப்பால் ரோடு, ஈர மணல், கடல் எல்லாம் தெரிந்தது. போடா. லூர்து மனசுக்குள் கதறினான். கதவு தொறந்துகீது பார்றா. போய்டு. யேசுதாஸ் எத்தனையோ தடவை தொட்டுப் பார்த்துச் சலித்த கதவு அது. சலித்துப்போனவன் திரும்ப அதைப் பார்க்க மாட்டான். அறைக்குள் புதிதாக எது வந்திருக்கிறதோ அதைத்தான் பார்ப்பான். திருவிழாவில் எல்லோரும் அப்படித்தான் பார்த்தார்கள்.

புடைப்பு, கதவைத் தாண்டி வந்தது.

"இன்னாண்ணே அப்டியே நின்னுகினு கீறீங்க? பேசட்டும், நிறுத்தாதீங்க." அவள் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே இரண்டு எட்டு வந்தாள். "நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். சும்மா கேட்டுகினு இருக்கேன்." ஸ்பீக்கருக்கு எதிரே நின்று கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று மாசமாக இறுகிக் கிடந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது.

"இது இன்னா," என்றது குரல். புதிதாக ஒன்று கிடைத்த சந்தோஷம் அதில் இருந்தது. "இது முன்ன இல்லியே."

துணியில் புடைப்பு மெள்ள நகர்ந்து, படத்தில் இருந்த ஆளின் கைக்கு வந்தது. கத்தரிக்கோலுக்கு.

டிக்.

லூர்துவின் விரல்கள் இறுகின. புடைப்பு அங்கிருந்து கிளம்பியது. மேசையைக் கடந்தது. ஸ்டூலைக் கடந்தது. படத்தில் இருந்த பெண்ணின் மேல், நெஞ்சில் வைத்த கையின் மேல், வந்து நின்றது. நிதானமாக அமுங்கியது.

டிக்.

லூர்துவின் இடது கால் முன்னால் போனது. பிறகு வலது கால். ஐரீன் கண்ணைத் திறக்கவில்லை.